கொழும்பில் பழைய வீடொன்றைப் பொறுப்பேற்பவர்களுக்கு: கிருமி அபாயமுள்ள துப்புரவும் வீட்டை ஒதுக்குதலும்

கொழும்புக்குப் புதிதாக வரும் தமிழர்களில் பலர் புது அடுக்குமாடியின் சாவியை வாங்கிக்கொண்டு நேராகக் குடிபுகுந்துவிடுகிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைப் பொறுப்பேற்க ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்களுக்கும், வேலை நிமித்தம் சென்னையிலிருந்து வந்து குறைந்த வாடகைக்குப் பழைய அனெக்ஸ் ஒன்றை எடுப்பவர்களுக்கும் அந்த வசதி கிடைப்பதில்லை. கதவைத் திறந்தால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்த அறைகளும், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பத்திரிகைக் கட்டுகளும், எலிப் புழுக்கையும், பூஞ்சணம் பிடித்த மெத்தைகளுமே அவர்களை எதிர்கொள்கின்றன. சில வீடுகளில், தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் இறந்து, சில நாட்கள் கழிந்த பின்னரே அயலவர் அறிந்துகொண்ட அறையும் இருக்கும்.

இத்தகைய நிலையில் கொழும்பில் மிக எளிதாகக் கிடைப்பது நாட்கூலிக்கு வரும் ஆட்கள்தான். யாரிடமாவது சொன்னால் மறுநாட் காலையில் இருவர் வாசலில் நிற்பார்கள். அவர்களுள் மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்முடைய தம்பிமாரும் இருப்பார்கள். காலில் செருப்பும், வெறுங்கையும், முகத்தில் கட்டிய கைக்குட்டையுமாக அவர்கள் இரத்தம் ஊறிய மெத்தையையும், இன்சுலின் ஊசிகள் கலந்த குப்பையையும் அள்ளுவதை வீட்டுக்காரர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பது இந்நகரில் வழமையாகிவிட்டது. நமக்கு வரக்கூடாது என்று நாம் அஞ்சும் நோயை அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறார்கள். இந்த வழிகாட்டி முதன்மையாகக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: எந்த அழுக்கு எத்தகையது என்று பிரித்தறியும் வரை யாரையும் உள்ளே இறக்க வேண்டாம்.

பிரித்தறிவது கடினமன்று. தூசி, பழைய உடுப்பு, உடைந்த தளபாடம், பத்திரிகை ஆகியவற்றை நீங்களே ஒதுக்கலாம். எலி, புறா, வௌவால் ஆகியவற்றின் எச்சம், பூஞ்சணம், வெள்ளச் சேறு, மலசலகூடக் கழிவு ஆகியவற்றைத் தகுந்த பாதுகாப்புடன் மட்டுமே தொடலாம். இரத்தம், உடல் திரவங்கள், இறந்த உடல் கிடந்த இடம், பயன்படுத்திய ஊசிகள் ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதை அறிந்தால், காய்ந்த கறை தானே என்று எவரும் கை வைக்க மாட்டார்கள்.

வீட்டில் ஒருவர் திடீரென இறந்திருந்தால் துப்புரவைப் பற்றிய பேச்சே பிறகுதான். 119 என்ற இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். உயிர் இருக்கக்கூடும் என்ற சிறு ஐயம் இருந்தாலும் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். பொலிசாரும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் தங்கள் கடமையை முடித்து, அறையை உங்களிடம் ஒப்படைக்கும் வரை தரையைக் கழுவவோ, மருந்துப் போத்தல்களை நகர்த்தவோ, படுக்கை விரிப்பை அகற்றவோ கூடாது. துர்நாற்றம் தாங்காமல் உறவினர் ஒருவர் நல்ல மனத்துடன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால், விசாரணைக்கு வேண்டிய தடயங்கள் அழிந்துபோவதோடு உங்கள் துயரமும் நீளும்.

அனுமதி கிடைத்த பிறகும் அந்த அறை வாளியும் தும்புத்தடியும் கொண்டு தீரும் வேலையன்று. உடலிலிருந்து வடிந்த திரவம் மெத்தையின் அடிவரை இறங்கி, கொழும்பின் பழைய வீடுகளுக்கே உரிய சிவப்புச் சீமெந்துத் தரையின் வெடிப்புகளிலும், தரையோடுகளின் இடுக்குகளிலும், மரக் கதவுநிலையின் அடியிலும் ஊறிவிடுகிறது. மேலே தெரியும் கறையைத் துடைத்தால் நாற்றம் சில நாள் அடங்கும். பின்னர் மழைக்காலத்து ஈரத்தோடு மீண்டும் எழும். திரவம் ஊறிய மெத்தை, தலையணை, கம்பளம் ஆகியவற்றைக் காப்பாற்ற முயலக்கூடாது. அவற்றை வெட்டி, இரட்டைப் பைகளில் கட்டி அகற்ற வேண்டும். தேவைப்பட்டால் சீமெந்தின் மேற்பூச்சையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

கொழும்பில் துப்புரவு நிறுவனங்கள் ஏராளமாக இருக்கின்றன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை அலுவலகங்களையும் சோபாக்களையும் சுத்தம் செய்பவை. எனவே நிறுவனத்தின் பெயரைவிட அவர்கள் தரும் பதில்களே முக்கியம். பணியாளர்களுக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா, உடல் முழுவதையும் மூடும் ஆடையும் கண்ணாடியும் என்-95 முகக்கவசமும் தருவீர்களா, எந்தக் கிருமிநீக்கியை எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள் என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். அகற்றும் கழிவு எங்கே போகிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. அதற்குத்தான் அதிகம் தடுமாறுவார்கள். இலங்கையில் மருத்துவக் கழிவு உள்ளிட்ட அபாயகரமான கழிவுகளைக் கையாள்வதற்கு, 2008 இல் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகளின்படி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் உள்ளவர்களிடமோ, எரியூட்டும் வசதியுள்ள வைத்தியசாலையிடமோ கழிவை ஒப்படைப்பதாக அவர்கள் எழுதித் தர வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்களை எவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இறந்தவர் ஒரு மானமுள்ள வாழ்க்கை வாழ்ந்தவர். அவருடைய கடைசி அறையைப் பார்த்துப் பேசுவதற்கு ஊருக்கு உரிமையில்லை.

சிறிய அளவிலான இரத்தக் கறையை நீங்களே நீக்க நேர்ந்தால், முதலில் தடித்த கையுறையுடன் உறிஞ்சு தாள்களால் அதை ஒற்றி எடுத்துக் கட்டிவிட வேண்டும். அழுக்கு மேலே கிடக்கும்போது குளோரீன் தன் வலுவை இழந்துவிடும். பிறகு 5 வீத வெளுக்கும் திரவம் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடங்கள் விட்டுத் துடைக்க வேண்டும். போத்தலின் மேல் எழுதியுள்ள செறிவைப் படித்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். அன்றன்று கலந்ததையே பயன்படுத்துங்கள். கிணற்றுக்குப் போடுவதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தரும் டி.சி.எல். தூளும் குளோரீன்தான், ஆனால் அதன் வலு வேறு என்பதால் திரவத்துக்குரிய கணக்கை அதற்குப் போடக்கூடாது. மிக முக்கியமாக, மலசலகூடம் கழுவும் ஹார்பிக் போன்ற அமிலத் திரவங்களை வெளுக்கும் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

எலி குடியிருந்த வீடுகளில் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சலை. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி ஈரமான இடங்களில் நெடுநாள் தங்கி, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் கண் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. ஆகவே செருப்புடன் அல்ல, கம்பூட்சுடன் இறங்க வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பகுதியில் நிகழ்ந்ததைப் போல வெள்ளம் புகுந்த வீடு என்றால், சுவரில் உள்ள நீர்மட்டக் கறைக்குக் கீழே இருந்த மெத்தை, பலகை அலுமாரி அனைத்தையும் ஐயத்துக்குரியவையாகவே கருதுங்கள். எலிப் புழுக்கையையும் புறா எச்சத்தையும் உலர்ந்த நிலையில் பெருக்கக்கூடாது. கரைசல் தெளித்து நனைத்த பின்னரே வழித்தெடுக்க வேண்டும். கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடுகள் இருப்பது இங்கு மிகச் சாதாரணம். உடைந்த தகட்டின் துகள்களையும் அவ்வாறே நனைத்துப் பையில் கட்ட வேண்டும். அவற்றை அறுக்கவோ, உரசிக் கழுவவோ கூடாது.

நீரிழிவு நோயாளி வாழ்ந்த வீட்டில் ஊசிகள் எங்கும் கிடைக்கும்: மேசை லாச்சியில், தலையணைக்கு அடியில், பிஸ்கற் தகரத்தில். துணிக் குவியலுக்குள்ளோ பைக்குள்ளோ கையை நுழைக்காமல், எல்லாவற்றையும் தரையில் விரித்த தறப்பாளின் மேல் கொட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு, அருகிலுள்ள வைத்தியசாலையிடமோ குடும்ப வைத்தியரிடமோ கேட்டு ஒப்படையுங்கள். யாருக்காவது குத்திவிட்டால், அவர் உங்கள் பிள்ளையானாலும் கூலிக்கு வந்தவரானாலும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, காயத்தைப் பிதுக்காமல், உடனே தேசிய வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயனுண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இனி, வீட்டை ஒதுக்குதல். கிருமி அபாயம் நீங்கிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். தொடங்கும்போது முதலில் தேட வேண்டியவை பத்திரங்கள். காணி உறுதி, நொத்தாரிசு எழுதிய மரணசாசனம், பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், பழைய அடையாள அட்டைகள் ஆகியவற்றை நம் வீட்டு மூத்தவர்கள் கோப்பில் வைப்பதில்லை. அரிசித் தகரத்தின் அடியில், சேலை மடிப்புக்குள், சுவாமிப் படத்தின் பின்புறம், பழைய பஞ்சாங்கத்தின் நடுவில் வைப்பார்கள். ஆகவே எந்தக் கட்டையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்க்காமல் விற்காதீர்கள். காணி உறுதியொன்று காணாமற்போனால் அதன் பிரதியைப் பெறக் காணிப் பதிவகத்தில் அலைய நேரிடும். அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் ஒரு வாரம் தாள் பிரிப்பது சிறிய வேலை.

பொருள்களைச் சேர்த்தவர் இன்னும் உயிரோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார் என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். விடுமுறை இரண்டு கிழமைதான் என்ற அவசரத்தில், அம்மாவை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அள்ளி ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். 1983 யூலையில் உடுத்திய உடையோடு வெளியேறி, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் வடக்குக்குப் போய், மீண்டும் கொழும்புக்கு வந்து ஒன்றிலிருந்து தொடங்கிய தலைமுறை அது. வெறும் ஜாம் போத்தலையும் வீசாமல் வைத்திருப்பதற்கு அவர்களிடம் காரணம் உண்டு. ஒரு மூலையை மட்டும் எடுத்து, அவரையே கதிரையில் அமர்த்தி, இதை வைப்பதா கொடுப்பதா என்று கேட்டுச் செய்தால், மாதக்கணக்கில் ஆனாலும் உறவு முறியாது. நடக்கவும் உறங்கவும் இடமில்லாத அளவுக்குப் பொருள் சேர்ந்தும், ஒன்றையும் விட முடியாமல் ஒருவர் தவித்தால் அது பிடிவாதமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை ஒரு உளநோயாகவே ஏற்றுள்ளது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

அகற்றுவதைப் பொறுத்தவரை, கொழும்பு மாநகர சபை உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்துத் தரச் சொல்கிறது. தெஹிவளைக்கும் வத்தளைக்கும் வேறு சபைகள் என்பதால் அங்கே கேட்டறிய வேண்டும். பத்திரிகை, போத்தல், இரும்பு ஆகியவற்றைத் தெருவில் கூவி வருபவர்கள் நிறுத்து வாங்குவார்கள். மீதியை ஏற்றப் பட்டா எனப்படும் சிறிய லொறி பிடிக்கும்போது, எங்கே கொட்டப் போகிறார் என்று கேட்டு, முடிந்தால் கூடவே செல்லுங்கள். குறைந்த கூலி கேட்பவர் சதுப்பு நிலத்திலோ வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்திலோ கவிழ்த்துவிடக்கூடும். 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்ட நகரம் இது. நாம் வீசுவது இன்னொரு ஏழையின் வாசலில்தான் சேர்கிறது. முற்றத்தில் குவித்து எரிப்பதும் சட்டப்படி தடை.

வீட்டுக்குள் வேலை நடக்கும் நாட்களில் வெளியே குவியும் பொருள்களில் மழைநீர் தேங்கவிடாதீர்கள். பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிரூட்டியின் பின்புறத் தட்டு, இலை அடைத்த கூரைப் பீலி ஆகியவை டெங்கு நுளம்பின் வாழிடங்கள். 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வீடு பூட்டிக்கிடந்தது என்பது பரிசோதகரிடம் சொல்லக்கூடிய சமாதானமாகாது. எந்த அலுவலகத்தை நாடுவது என்று தெரியாதபோது 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

வேலை முடிந்து ஒரு மாதம் வரை, அதில் ஈடுபட்ட எவருக்கும் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெங்காக இருக்கக்கூடும் என்பதால் அஸ்பிரின், இபுபுரோபன் எதையும் கொடுக்காமல் பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, வைத்தியரிடம் சென்று, எலி இருந்த வீட்டைத் துப்புரவு செய்ததையும் அந்தத் திகதியையும் சொல்லுங்கள். தசை நோவும் கண் சிவப்பும் சிறுநீர் குறைவும் சேர்ந்திருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கூலிக்கு வந்தவர்களின் தொலைபேசி இலக்கங்களை வாங்கி வைத்திருந்து, இரண்டு கிழமை கழித்து அவர்களையும் அழைத்து உடல்நலம் விசாரியுங்கள். காய்ச்சல் என்று சொன்னால், வைத்தியரிடம் போகும் செலவை நீங்கள் ஏற்பதாக அப்போதே சொல்லிவிடுங்கள்.