சிறுதொழிலுக்கு இணையம்: விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

சிறுதொழில் நடத்துபவர்கள் இணையத்துக்கு வரும்போது பெரும்பாலும் விளம்பரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பணம் கட்டிய சில நாட்களுக்கு அழைப்புகள் வருகின்றன. பணம் தீர்ந்ததும் அழைப்புகளும் நின்றுவிடுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டியவற்றை முதலில் உங்கள் பெயரில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்து, பிறருடைய தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் இடத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள். விளம்பரச் செலவு அதற்குப் பிறகு வரட்டும்.

சொந்தமாக இருக்க வேண்டியவற்றில் முதலாவது டொமைன் பெயர், அதாவது உங்கள் இணையதளத்தின் முகவரி. அதை வாங்கும் வேலையை இணையதளம் வடிவமைப்பவரிடமே விட்டுவிடுவது பரவலான பழக்கம். அவர் தம் கணக்கில் தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவுசெய்துவிடுவார். நான் உதவச் சென்ற ஒரு நிறுவனத்தில், வடிவமைத்தவருடைய தொடர்பு அறுந்துபோன பிறகுதான் முகவரி தங்கள் பெயரில் இல்லை என்பதை உரிமையாளர் அறிந்தார். பல ஆண்டுகளாக ரசீதிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்டுவந்த முகவரியைக் கைவிட்டு, புதிய ஒன்றை வாங்க நேர்ந்தது. ஆகவே டொமைன் விற்கும் பதிவு நிறுவனத்தில் கணக்கை நீங்களே திறந்து, வடிவமைப்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். ஒரு டொமைனை அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை முன்கூட்டியே பதிவுசெய்யலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் தானாகப் புதுப்பிக்கும் வசதியையாவது இயக்கி வையுங்கள். பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் செயலிழக்கும். அதன் பிறகு வரும் எச்சரிக்கை எதுவும் உங்களை வந்தடையாது.

சொந்த முகவரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. தன்னிடம் பதிவுசெய்த வணிகங்களுக்குக் கூகுள் எளிமையான இணையதளம் ஒன்றை இலவசமாக வழங்கிவந்தது. 2024 மார்ச் மாதம் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. கூகுள் கொடுத்த முகவரியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கோ, அதே முகவரியை வேறொரு தளத்துடன் இணைத்தால் போதுமானதாக இருந்தது.

இணையதளம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. என்ன செய்கிறீர்கள், எந்தப் பகுதிகளுக்குச் சேவை தருகிறீர்கள், எப்போது திறந்திருப்பீர்கள், எப்படித் தொடர்புகொள்வது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் முதல் பக்கத்திலேயே விடை இருக்கட்டும். தொலைபேசி எண் படத்துக்குள் அடங்கிக் கிடக்காமல், கைபேசியில் தொட்டவுடன் அழைப்பு செல்லும்படி எழுத்தாக இருக்க வேண்டும். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் இதை நீங்களே பார்க்கலாம். வேகம் குறைவாக இருந்தால், கேமராவில் எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிறு நிறுவனங்களின் தளங்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் காரணம் அதுதான்.

எழுதும்போது தொழிலின் சொற்களைவிட வாடிக்கையாளரின் சொற்களுக்கே முதலிடம் கொடுங்கள். 'குளிர்பதனக் கருவிகள் பராமரிப்பு' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள்; தேடுபவர் 'ஃபிரிட்ஜ் ரிப்பேர்' என்றுதான் தட்டச்சு செய்வார். இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசச் சேவையில் தளத்தைப் பதிவுசெய்தால், எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் தெரியவரும். பலமுறை காட்டப்பட்டும் எவரும் தொடாத பக்கம் இருந்தால், அதன் தலைப்பை மாற்றி எழுதுங்கள்.

அடுத்து கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் நிறுவனத்தின் விவரங்களைக் காட்டும் இலவசப் பக்கம். வாடிக்கையாளர்கள் நேரில் வரும் தொழிலாகவோ, நீங்கள் அவர்கள் இடத்துக்குச் செல்லும் தொழிலாகவோ இருந்தால், இதற்கு ஈடான இலவச வழி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்திலும் அருகிலுள்ள இடங்களுக்கான தேடலிலும் யாரை முன்னே காட்டுவது என்பதை மூன்று காரணிகளைக் கொண்டு முடிவுசெய்வதாகக் கூகுளே சொல்கிறது: தேடலோடு உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், நீங்கள் எந்த அளவுக்கு அறியப்பட்டவர் என்பது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம், அதற்கு உங்கள் தொழிலைக் குறிக்கும் முதன்மை வகையை மிகத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவான வகையைவிட, நீங்கள் உண்மையில் செய்யும் வேலையைக் குறிக்கும் குறுகிய வகையே சிறந்தது. தேடல் சொற்களை நிறுவனத்தின் பெயரோடு ஒட்டவைப்பது விதிமீறல்; அதனால் கணக்கே முடக்கப்படக்கூடும்.

அறியப்படுவதில் மதிப்புரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வேலை முடிந்து வாடிக்கையாளர் மனநிறைவோடு இருக்கும் அந்த நேரத்திலேயே, கணக்கில் கிடைக்கும் சுருக்க இணைப்பை அனுப்பி, மதிப்புரை எழுதும்படி கேளுங்கள்; கேட்பதில் தவறில்லை. ஆனால் தள்ளுபடியோ பரிசோ கொடுத்து எழுதவைப்பதும், நல்லதாக எழுதுபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் தடைசெய்யப்பட்டவை. குறைகூறி யாராவது எழுதினால் ஒரு நாள் ஆறவிட்டுப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை, எழுதியவரைவிட இனிமேல் வரப்போகும் வாடிக்கையாளர்களே அதிகம் படிப்பார்கள். ஆகவே என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை இரண்டு மூன்று வரிகளில் சொன்னால் போதும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வெளியானது. பொருட்களின் படத்தோடு கூடிய பட்டியல், அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி, உரையாடல்களை 'புதியவர்', 'பணம் வர வேண்டியவர்' என்று வகைப்படுத்தும் லேபிள்கள் ஆகிய மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது: உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கே அது போய்ச்சேரும். எனவே முதல் உரையாடலிலேயே எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

மின்னஞ்சல் பழையதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாடிக்கையாளர் விரும்பிக் கொடுத்த முகவரிகளின் பட்டியலை எந்தத் தளத்திலிருந்தும் இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம். சமூக ஊடகத்தில் உங்களைப் பின்தொடர்பவர்களை அப்படி எடுத்துச் செல்ல முடியாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியுள்ளன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புபவர்கள் அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்ய உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்புகளையும் தங்கள் டொமைனில் அமைத்திருக்க வேண்டும்; விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். உங்கள் பட்டியல் அதைவிட மிகச் சிறியதாக இருந்தாலும் இவற்றைச் செய்துவையுங்கள். அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழும் வாய்ப்பு குறையும். விலைக்கு வாங்கிய பட்டியலை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

இவையெல்லாம் அமைந்த பிறகு விளம்பரத்துக்கு வரலாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தைச் சொடுக்கும் 100 பேரில் 4 பேர் அழைத்து, அழைத்தவர்களில் பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50 சொடுக்குகளின் விலைதான் ஒரு வாடிக்கையாளரைப் பெற நீங்கள் கொடுக்கும் விலை. ஒரு விற்பனையில் கிடைக்கும் லாபம் அதைவிடக் குறைவாக இருந்து, அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரும் வாய்ப்பும் இல்லையென்றால், அந்த விளம்பரம் ஓட ஓட நஷ்டம் கூடிக்கொண்டே போகும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் தொடக்கத்திலேயே இரண்டு அமைப்புகளைத் திருத்த வேண்டும். ஒன்று, இடம். நீங்கள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால், அங்கே இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டுவதுதான் இயல்பான அமைப்பு. அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று அதை மாற்றுங்கள். இன்னொன்று, சொற்பொருத்தம், அதாவது நீங்கள் கொடுத்த சொல்லோடு தேடல் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் விளம்பரம் காட்டப்படும் என்பது. பரந்த பொருத்தத்தை விட்டுவைத்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத தேடல்களுக்கெல்லாம் பணம் போகும். தேடல் சொற்களின் அறிக்கையை வாரம் ஒரு முறை திறந்து, 'இலவசம்', 'வேலைவாய்ப்பு', 'பயிற்சி' போன்ற தொடர்பில்லாத சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நான் பார்த்த கணக்குகளில் வீண்செலவின் பெரும்பகுதி இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் நேர்ந்ததே.

பலனை அளப்பதற்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் உதவும். அவற்றைக் கற்க நேரமில்லாதவர்கள், அழைக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவந்தாலே, மூன்று மாதத்தில் எந்த வழியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது புலப்பட்டுவிடும்.

இவ்வளவும் கட்டி எழுப்பிய பிறகு, ஒரே ஒரு கடவுச்சொல் பறிபோனாலும் எல்லாம் கைமாறிவிடக்கூடும். டொமைன் கணக்கு, மின்னஞ்சல், கூகுள், சமூக ஊடகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும், அதோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் இருக்க வேண்டும்; அந்த இரண்டாம் படி கைவசம் இல்லாதபோது உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பத்திரப்படுத்துங்கள். 'பதிப்புரிமை மீறலால் உங்கள் பக்கம் நீக்கப்படும், உடனே இங்கே உள்நுழையுங்கள்' என்று வரும் செய்திகளில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். செயலியை நீங்களே திறந்து, அறிவிப்பு உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பணியாளர்களுக்குக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பிசினஸ் ப்ரொஃபைலிலும் ஃபேஸ்புக் பக்கத்திலும் அவரவர் கணக்குக்கே மேலாளர் போன்ற பொறுப்பைக் கொடுக்க முடியும். அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளன்று அந்தப் பொறுப்பை மட்டும் நீக்கிவிட்டால் போதும்.