லேப் கம்ப்யூட்டரில் லின்பேக் ஓட்டுவது எப்படி?

சூப்பர் கம்ப்யூட்டர்களைத் தரவரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதற்கான ஹெச்பிஎல் என்ற லின்பேக் சோதனை, பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்கவைத்து கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும். அது இலவசம்தான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உங்கள் கல்லூரி லேபில் இருக்கும் டெஸ்க்டாப்பிலேயே ஓட்டலாம்.

1. முதலில் பேப்பரில் உச்ச வேகத்தைக் கணக்கிடுங்கள். நாலாம் தலைமுறை ஐ5, 4 கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால், ஒவ்வொரு கோரும் ஒரு கிளாக்குக்கு 16 கணக்குப் போடும். 4 × 3.2 × 16 = 204.8 கிகாஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 20,480 கோடி கணக்கு. இந்த எண் கையில் இல்லாமல் சோதனைக்குப் போகவே வேண்டாம். சோதனையில் வருவது நல்ல எண்ணா என்று வேறு எதை வைத்துச் சொல்வது?

2. உபுண்டுவில் கம்பைலர், பல பிராசஸ்களைச் சேர்த்து ஓட்டும் ஓப்பன் எம்பிஐ, அணிக் கணக்கை வேகமாகப் போடும் ஓப்பன்பிளாஸ் மூன்றையும் நிறுவி, நெட்லிப் தளத்திலிருந்து ஹெச்பிஎல் 2.3 இறக்கிக் கம்பைல் செய்யுங்கள்.

3. சோதனைக்கான அமைப்புகளைக் கொடுக்கும் ஹெச்பிஎல்.டாட் ஃபைலில்தான் உண்மையான வேலை. 'என்' என்பது சமன்பாடுகளின் அணியின் (மேட்ரிக்ஸ்) அளவு. ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட். 8 ஜிபி ராமில் 80 சதவீதத்தை எடுத்து, 8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் சுமார் 29,300. அணியை வெட்டும் துண்டின் அளவான 'என்பி'க்கு 192 வைத்து, அதன் மடங்காக 'என்'னுக்கு 29,184 என்று கொடுங்கள். ராம் முழுவதையும் கேட்டால் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போய் வேகம் படுத்துவிடும். பிராசஸ்களை வரிசை, பத்தியாக அடுக்கும் 'பி', 'கியூ' இரண்டுக்கும் 2.

4. ஓப்பன்பிளாஸ் த்ரெட்டை 1 ஆக்கிவிட்டு, நான்கு பிராசஸாக எம்பிஐயில் ஓட்டுங்கள். த்ரெட்டை மறந்தால் நாலு கோருக்குப் பதினாறு பேர் அடித்துக்கொள்வார்கள். 150 கிகாஃப்ளாப்ஸ் கிடைக்கிற மெஷினில் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். 'பாஸ்டு' என்று வந்தால்தான் அந்த எண் செல்லும். பிறகு அதை 204.8ஆல் வகுத்து, உச்ச வேகத்தில் எவ்வளவு கிடைத்தது என்று பாருங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் ஃபேனில் தூசி அடைத்திருந்தால் கிளாக் இறங்கிவிடும். சுத்தம் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

5. அடுத்து ஸ்ட்ரீம் சோதனை. இது ராமிலிருந்து தரவு வரும் வேகத்தை அளக்கிறது. அரேயின் அளவு பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தைப் போல நாலு மடங்காவது இருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு இதுதான் முக்கியம் என்பேன். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது நம் மீனவர்கள் கடலில் இருந்தார்கள். புயலைக் கணிக்கும் வானிலை மாடல்கள் பெரும்பாலும் ராமிலிருந்து வரும் தரவுக்காகத்தான் காத்துக் கிடக்கின்றன. அவற்றின் வேகத்தை லின்பேக் எண் மட்டும் சொல்லிவிடாது.