சைக்கிள் ஸ்டெம்: வகை அறியாமல் செய்யும் தவறுகள்

ஹேண்டில்பாரை, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கோடு இணைக்கும் சிறு உலோகப் பாகமே ஸ்டெம். தாராவியிலிருந்து அதிகாலையில் இட்லிப் பாத்திரத்துடன் புறப்படும் சைக்கிளிலும், மரைன் டிரைவில் உடற்பயிற்சிக்காக ஓட்டப்படும் விலையுயர்ந்த ரோடு பைக்கிலும் இது உண்டு. ஆனால் பிடித்து நிற்கும் முறை இரண்டிலும் வேறு. ஒன்றுக்குரிய பழக்கத்தை மற்றொன்றில் காட்டுவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

பழைய வகையான குவில் ஸ்டெமின் தண்டு, ஃபோர்க்கிலிருந்து மேல்நோக்கி நீளும் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேலுள்ள நீண்ட போல்ட்டை முறுக்கும்போது அடியிலுள்ள ஆப்பு மேலேறி, குழாயின் உட்சுவரில் இறுகுகிறது. உயரத்தை எளிதில் மாற்றலாம் என்பது இதன் நன்மை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. தண்டில் பொறித்துள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தினால், தண்டு ஒடியலாம், அல்லது மரை வெட்டப்பட்ட மெல்லிய பகுதியை ஆப்பு அழுத்திக் குழாயே பிளக்கலாம்.

மும்பையில் இதைவிட அதிகம் வருத்தும் தவறு, கிரீஸ் பூசாமல் பொருத்துவது. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு இருக்க, கடற்காற்றின் உப்பும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையும் சேரும்போது, இரு உலோகங்களும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பே, தண்டை வெளியே எடுத்துத் துடைத்து, தண்டுக்கும் ஆப்புக்கும் போல்ட் மரைக்கும் கிரீஸ் இடுவது அவசியம். எடுக்கும்போது போல்ட்டை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, தலையின்மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஆப்பு விடுபடும்.

1990களில் பரவிய திரெட்லெஸ் (மரையற்ற) ஸ்டெம், ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்வுகிறது. உச்சியிலுள்ள மூடியின் போல்ட்தான் ஸ்டெமைப் பிடித்திருக்கிறது என்று குவில் வகைக்குப் பழகியவர்கள் எண்ணுவதை நான் மிகக் கடுமையான தவறாகக் கருதுகிறேன். அந்தப் போல்ட், ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்கின் ஆட்டத்தை நீக்க மட்டுமே. பிடிப்பைத் தருபவை பக்கவாட்டுப் போல்ட்கள். பக்கப் போல்ட்களைத் தளர்த்தி, மேல்மூடியை மெல்ல இறுக்கி, சக்கரத்தோடு நேர்படுத்திய பிறகே அவற்றை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பல ஸ்டெம்களில், இறுக்க வேண்டிய முறுக்குவிசையாக 5 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கார்பன் இழையாலான குழாயில், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இன்றி இந்த வேலையைத் தொடாதிருப்பதே நல்லது. ஃபோர்க் குழாயின் விளிம்பு, ஸ்டெம் அல்லது அதன் மேலுள்ள ஸ்பேசரின் (இடைவெளி நிரப்பும் வளையத்தின்) விளிம்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இல்லையெனில் மூடி குழாயில் முட்டி, எவ்வளவு இறுக்கினாலும் பேரிங் ஆட்டம் தீராது. இவ்வகையில் உயரத்தை ஸ்பேசர்களே தீர்மானிப்பதால், குழாயை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. வெட்டியதை நீட்ட வழியில்லை.

வாங்கும்போது கண்ணளவை நம்புவது இன்னொரு தவறு. ஹேண்டில்பாரைக் கவ்வும் இடத்தின் விட்டம் 25.4, 26.0, 31.8, 35 மில்லிமீட்டர் எனப் பலவகைப்படும். முதல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் 26.0 ஸ்டெமில் 25.4 பாரை வைத்தால், பள்ளமான சாலையில் கைப்பாரம் விழும்போது பார் சுழன்றுவிடும். வெர்னியர் காலிப்பரால் அளந்தபின் வாங்குங்கள். பாரை முன்பக்கமிருந்து கவ்வும் முகப்புத் தகட்டில் நான்கு போல்ட்கள் இருந்தால், தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.