சபுர் வந்திருக்கும் தம்பிகளுக்கு: உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிப்பட்டினம், தொண்டி என்று நம் கரையிலிருந்து சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, துபாய் வந்து இறங்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ரூம், மெஸ், பஸ் கார்டு எல்லாம் கூட இருப்பவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பணத்தைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. "ஊருக்கு அனுப்பிட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் இரண்டு வருஷம், சம்பளம் விழுந்த அன்றே சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடுவேன். எவ்வளவு போனது, எதற்குப் போனது என்று ஒரு வரி எழுதி வைத்ததில்லை. விசாவுக்காக அடகு வைத்த உம்மாவின் சங்கிலி இந்நேரம் மீண்டிருக்கும் என்ற நினைப்பிலேயே லீவுக்குப் போனேன். உம்மா பீரோவைத் திறந்து அடகுச் சீட்டை எடுத்துத் தந்தார். மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. பின்பக்கம் வட்டி கட்டிய தேதிகள் நீல மையில் வரிசையாக இருந்தன. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. தங்கச்சி கல்யாணம், வாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாம் நியாயமான செலவுதான். சங்கிலியை முதலில் மீட்போம் என்று நான் சொல்லவும் இல்லை, என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை. அந்தத் தப்பு என்னுடையது.

அதனால் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள். யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுதுங்கள். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைத்துவிடுங்கள். அடுத்து உங்கள் தம்பியோ மச்சானோ வரப்போகிறார் என்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் கட்டணமாக வாங்கலாம் என்று இந்திய அரசு வைத்திருக்கும் வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

சம்பள ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், பேசிக், அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு அதுதான் கணக்கு. ஒரு வருஷமாவது முடித்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். பேசிக் 900 திர்ஹம் என்றால் வருஷத்துக்கு 630. அதே மொத்தச் சம்பளத்தில் பேசிக் 1,200 ஆக இருந்தால் 840. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்புறம் பேங்க். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) மாற்ற வேண்டும், அது சட்டம். கூடவே உங்கள் பெயரில் ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊரில் போட்டு வைக்கும் கணக்கு) திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. வீட்டுச் செலவு உம்மா கணக்குக்கு, சேமிப்பு உங்கள் கணக்குக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

உண்டியலில், அதாவது பேங்க் வழியாக இல்லாமல் ஆள் மூலமாக, அனுப்பினால் வீட்டு வாசலுக்கே பணம் வரும், சரி. ஆனால் இந்தியாவில் அது சட்டவிரோதம். நாளைக்கு நிலம் வாங்கும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் தரும் ரசீதையும் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துப்போகும்.

நிலம் என்றதும் இன்னொன்று. தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இங்கிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். முன்பணம் கொடுக்குமுன் நீங்களே பாருங்கள்.

ரூமில் யாராவது லோனுக்குக் கையெழுத்துக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அவர் கட்டாமல் போனால் கடன் உங்கள் தலையில் விழும்; கோர்ட்டுக்குப் போனால் நாட்டை விட்டு வெளியேறத் தடைகூட வரலாம்.

இன்று ராத்திரி ஊருக்குப் போன் போடுவீர்கள் அல்லவா? நகை அடகில் இருந்தால், அந்தச் சீட்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.