சிறு வாகன மோதலுக்குப் பின்: எந்த விவரத்தைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பின் பல மாடிக் கார் நிறுத்துமிட வளைவில் இரண்டு கார்கள் உரசிக்கொள்கின்றன. யாருக்கும் காயமில்லை, பம்பரில் ஒரு கீறல் மட்டுமே. இறங்கிய ஓட்டுநர்கள் மறுபேச்சின்றி அடையாள அட்டைகளை நீட்ட, இருவரும் அவற்றின் இரு பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் அக்காள் கணவருக்கு ஈசூனில் நடந்ததும் இதுதான். இழப்பீட்டு விவகாரம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால், அவருடைய அட்டையின் படம் இன்று யாருடைய கைப்பேசியில் இருக்கிறது, எத்தனை பேருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்பதை அறிய அவருக்கு எந்த வழியும் இல்லை.

விவரங்களைக் கொடுப்பதும் அட்டையைப் படமெடுக்க விடுவதும் ஒன்றல்ல. முன்னது கடமை, பின்னது வெறும் பழக்கம். அட்டையின் முன்பக்கத்தில் பெயரோடு இனம், பிறந்த தேதி, பிறந்த நாடு ஆகியவை உள்ளன. பின்பக்கத்தில் கைவிரல் ரேகையும் வீட்டு முகவரியும் உள்ளன. பம்பர் கீறலுக்கும் உங்கள் இனத்துக்கும் விரல் ரேகைக்கும் என்ன தொடர்பு? மோசடிக்காரர் ஒருவர் உங்களைப் போல நடிப்பதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு படங்களில் அடங்கிவிடுகிறது.

அதற்காக எதையும் கொடுக்க மறுத்துவிடவும் முடியாது. விபத்தில் சேதம் ஏற்பட்டால் ஓட்டுநர் வாகனத்தை நிறுத்தி, கேட்பதற்கு நியாயமான காரணம் உள்ளவரிடம் தம்முடைய பெயர், முகவரி முதலிய விவரங்களைத் தரவேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. இவற்றோடு வாகன எண்ணையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் தொடர்பு எண்ணையும் பரிமாறிக்கொள்வது நடைமுறை. காப்புறுதி நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் விவரங்களில் அடையாள அட்டை எண்ணும் உண்டு என்பதால் அதைக் கொடுக்க நேரலாம். பிறந்த தேதி, வேலையிடம், சம்பளம், குடும்பத்தார் விவரம் ஆகியவற்றை எதிர்த்தரப்பு ஓட்டுநர் கேட்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே, ஒரு சிறு தாளில் இவ்விவரங்களை முன்கூட்டியே எழுதி, காரின் முன்பெட்டியில் வைத்துவிடுங்கள். மோதிய பதற்றத்தில் கை நடுங்கும்போது அட்டையைத் தூக்கிக் கொடுப்பதுதான் எளிதாகத் தோன்றும். தாள் தயாராக இருந்தால் அந்த அவசரம் எழாது. எதிரில் நிற்பவர் அட்டையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கேட்டால் அது நியாயமான கோரிக்கைதான், ஏனெனில் பொய்ப் பெயர் கொடுத்துத் தப்பியவர்களும் உண்டு. அட்டையை உங்கள் கையிலேயே பிடித்துக் காட்டி, அவர் சரிபார்த்து எழுதிக்கொள்ளும் வரை பொறுமையாக நில்லுங்கள். "அண்ணே, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், படம் மட்டும் வேண்டாம், உங்கள் அட்டையையும் நான் படம் எடுக்க மாட்டேன்" என்று தணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். எதிரில் இருப்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் இதையே எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். முக்கியமானது இரண்டாவது பாதி: நீங்களும் எடுக்க மாட்டீர்கள் என்ற உறுதிமொழிதான் சந்தேகத்தைத் தணிக்கும். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் எண் வெளியே தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். உரிம எண்ணும் அடையாள அட்டை எண்ணும் ஒன்றே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

படம் எடுக்கவேண்டியவை வேறு: இரு வாகனங்களின் எண்கள், சேதம், வாகனங்கள் நின்ற நிலை, சாலைக் கோடுகள். இவற்றைத் தாராளமாக எடுங்கள். கூடியவரை மற்றவரின் பிள்ளைகள், பயணிகள் ஆகியோரின் முகங்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தியிருந்த காரில் உரசிவிட்டீர்கள், உரிமையாளர் இல்லை என்றால், கண்ணாடியில் குறிப்பு வைப்பது நல்லது. ஆனால் பெயரும் தொலைபேசி எண்ணும் அவ்வழியே போவோர் அனைவருக்கும் தெரியும்படி வைக்காமல், தாளை மடித்து, வெளிப்புறத்தில் அந்தக் காரின் எண்ணை மட்டும் எழுதுங்கள். உரிமையாளரைச் சந்திக்க முடியாதபோது குறிப்போடு நின்றுவிடாமல் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிலும் புகார் செய்யுங்கள்.

வேலை வேனோ லாரியோ ஓட்டுபவர்கள் வாகன உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட வேண்டும். முதலாளியின் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காமல் அலுவலக எண்ணைக் கொடுங்கள்.

சம்பவ இடத்துக்கு அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர்களிடமும் பழுதுபார்ப்புப் பட்டறைத் தரகர்களிடமும் எந்த விவரமும் கொடுக்க வேண்டாம், எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் அனுப்பும் வண்டிக்காகக் காத்திருங்கள். எவ்வளவு சிறிய உரசலானாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலைநாளுக்குள், நிறுவனத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டாலும் இது பொருந்தும். அப்படித் தீர்த்துக்கொண்டு பேநவ் (PayNow) எனும் மின்னியல் பணமாற்றுச் சேவை வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால், அடையாள அட்டை எண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள்.

காயம், அரசாங்கச் சொத்துக்குச் சேதம், வெளிநாட்டு வாகனம், பாதசாரி அல்லது சைக்கிளோட்டி சம்பந்தப்பட்ட விபத்து, மோதிவிட்டு ஓடிய வாகனம் என்றால் காவல்துறையை அழையுங்கள். அதிகாரி கேட்டால் அட்டையைக் கொடுக்கத் தயங்கவேண்டியதில்லை.

மற்றவரின் விவரங்கள் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. சொந்த அலுவலாகச் செயல்படும் தனிநபரை அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே, எதிர்த்தரப்பு ஓட்டுநருக்கு அந்தச் சட்டத்தின் காவல் உங்களிடமிருந்து கிடைக்காது. உங்கள் கண்ணியமே அவருக்குக் காவல். கோபத்தில் கேமராப் பதிவோடு அவருடைய பெயரையும் முகவரியையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். ஒருவருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ ஏற்படுத்தும் நோக்குடன் அவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றமாகும். 5,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். பதிவைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் கேட்டால் காவல்துறைக்கும் கொடுங்கள், வேறெங்கும் வேண்டாம்.

விவகாரம் முடிந்ததாக நிறுவனம் எழுத்தில் தெரிவித்த பிறகு, அவருடைய விவரம் எழுதிய தாளைக் கிழித்துப் போடுங்கள்; கைப்பேசியில் இருப்பதை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பிய பிரதியையும், தானாகவே மேகச் சேமிப்பில் ஏறிக்கொண்ட பிரதியையும் தேடி நீக்கிவிடுங்கள்.