எலி மூளை சிவந்தால் அது வலிதானா?

எலியின் பின்னங்காலில் சூடு வைக்கிறோம், ஸ்கேனரில் மூளையின் ஒரு பக்கம் சிவக்கிறது, உடனே "இதோ வலி" என்று எழுதிவிடுகிறோம். பாதித் தப்பு அந்த அவசரத்திலேயே நடந்துவிடுகிறது. எஃப்எம்ஆர்ஐ எனும் இந்த மூளை ஸ்கேன் படம் காட்டுவது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான். 1990-ல் செய்ஜி ஒகாவா குழு இதை எலிகளிடம்தான் காட்டியது. எலி மூச்சில் இழுக்கும் வாயுவை மாற்றினார்கள், படமும் மாறியது. அதாவது ரத்த ஓட்டத்தை எது தொட்டாலும் படம் மாறும், சூடு வைத்தால்தான் என்றில்லை.

இதில் முதல் ஆள் மயக்க மருந்து. ஐசோஃப்ளுரேன் ரத்தக் குழாய்களைத் தானே விரித்துவிடும், அளவு கூடினால் சூட்டுக்கு வரவேண்டிய மாற்றம் அதிலேயே அமுங்கிப்போகும். சரி, மெடிடோமிடினுக்கு மாறலாம் என்றால் அது கால்நடை மருத்துவர்கள் வலியைக் குறைக்கவும் கொடுக்கிற மருந்து! வலியை அளக்கப்போய் வலி மருந்தைக் கொடுத்துவிட்டு, "சிக்னல் ஏன் குறைவு" என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. எந்த மருந்து, எவ்வளவு, கொடுத்து எத்தனை நிமிடம் கழித்து ஸ்கேன் என்பதை எல்லா எலிக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

இதைவிட மோசமானது ரத்த அழுத்தம். சுடுகிற சூடு பட்டால் மயக்கத்தில் இருக்கிற எலிக்கும் அழுத்தம் ஏறும். மூளை தன் ரத்த ஓட்டத்தைச் சமன் செய்துகொள்ளும் திறன் மயக்கத்தில் தளர்ந்திருந்தால், அந்த ஏற்றம் அப்படியே படத்தில் இறங்கி, மூளை முழுக்கச் சிவந்து நிற்கும், பார்க்க அருமையான முடிவு மாதிரியே இருக்கும். சூடே வைக்காமல், அழுத்தத்தை மட்டும் ஏற்றுகிற மருந்து கொடுத்து ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். அதே படம் வந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வலியை இல்லை.

அப்புறம் சூடு. பாதத்துக்குச் சூடு வைக்கும் தகடான தெர்மோடின் திரையில் 48 டிகிரி என்று வந்தால் தோலும் 48 என்று நினைக்காதீர்கள். பாதம் தகட்டில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்துத் தோல் பின்தங்கியே வரும். சூட்டை ஆபத்தாக உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு முனை வாயில் திறப்பது சுமார் 43 டிகிரியில், அதனால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் இரண்டு டிகிரி பெரிய விஷயம். தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபைபர் ஆப்டிக் வெப்பமானி ஒன்றைச் செருகிப் பார்த்துவிடலாம், ஸ்கேனரின் காந்தத்துக்குள் அதனால் தொந்தரவில்லை. கூடவே 40 டிகிரி மாதிரி இதமான சூட்டுக்கும் ஒரு ஸ்கேன் எடுங்கள், அது இல்லாமல் 'சுடுகிறது' என்பதையும் 'தொடுகிறது' என்பதையும் பிரிக்கவே முடியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் தோல் கூசத் தொடங்கும், ஆகவே குறைவிலிருந்து கூடுதலுக்கு என்று ஏறு வரிசையில் போகாமல் கலைத்துப் போடுங்கள்.

கணக்கில் வரும் தப்புகள் சின்னவை, ஆனால் அடிக்கடி வருபவை. மனித மூளைக்கு எழுதிய மென்பொருளில் முன்பே வைத்திருக்கும் ரத்த அலையை, அதாவது தூண்டலுக்குப் பின் சிக்னல் ஏறி இறங்கும் வடிவத்தை, அப்படியே எலிக்குப் போடுகிறார்கள். எலியின் அலை அதைவிட வேகமாக உச்சம் தொடும். தற்செயலாக வரும் முடிவுகளுக்குத் திருத்தம் செய்யாமல் ஆயிரக்கணக்கான வாக்ஸெல்களை, அதாவது படத்தின் குட்டிக் கட்டங்களை, சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து 'மூளைச் செயல்பாடு' காட்டிய கதையே போதும்.

இன்சுலா, சிங்குலேட் என்ற மூளைப் பகுதிகள் படத்தில் எரிந்தால் வலி என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான். கவனத்தை இழுக்கிற எதற்கும், திடீர் சத்தத்துக்குக்கூட, அவை எரியும்.

மயக்கமே வேண்டாம், விழித்த எலியையே ஸ்கேன் செய்கிறேன் என்றால், கட்டிவைத்த பயமே வலியை அமுக்கும் என்பதை நினைவில் வையுங்கள், பல நாள் பழக்கியபின் தொடங்குங்கள். 2014-ல் வந்த ஓர் ஆய்வில், ஆண் ஆராய்ச்சியாளர் அருகில் இருந்தாலும், ஆண்கள் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் இருந்தாலும்கூட எலிகளின் வலிக்குறிகள் குறைந்தன. எலியை ஸ்கேனருக்குள் வைத்தது யார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.