வண்டிக்குத் தடையின்மைச் சான்று: யாரிடம், எதற்கு, எப்படிக் கேட்பது?

"என்ஓசி வாங்கியாச்சா?" என்று யாராவது கேட்டால், "எந்த என்ஓசி?" என்று திருப்பிக் கேளுங்கள். வண்டி விஷயத்தில் அந்தப் பெயரில் இரண்டு தாள்கள் சுற்றுகின்றன. ஒன்று கடன் கொடுத்த வங்கி தருவது. இன்னொன்று வண்டியைப் பதிவு செய்த ஆர்டிஓ, அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், தருவது. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்று கிடைத்துவிட்டதாக நினைத்துப் பெங்களூருக்கு வண்டி ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய.

தமிழ்நாட்டில் பதிவான என் பைக்கைக் கர்நாடகப் பதிவுக்கு மாற்றியபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை. காருக்கும் ஏறக்குறைய இதே வழிதான். லாரி, டாக்சி போன்ற வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் கணக்கு தனி; அது இங்கே இல்லை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம்

என்ஓசி என்பதற்கு அரசுப் படிவங்களில் தடையின்மைச் சான்று, செய்தித்தாளில் தடையில்லாச் சான்று, பழைய கடிதங்களில் ஆட்சேபணை இன்மைச் சான்று. மூன்றும் ஒன்றுதான். ஆனால் இதை அனுமதி என்று எடுத்துக்கொண்டால் குழப்பம். உரிமம் கையில் இருந்தால் ஒரு காரியத்தைச் செய்யலாம், ஓட்டுநர் உரிமம் மாதிரி. ஒப்புதல் என்றால் நாம் கொடுத்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், கட்டட வரைபட ஒப்புதல் மாதிரி. தடையின்மைச் சான்றை வைத்துக்கொண்டு தனியாக எதுவும் செய்ய முடியாது. "இவர் செய்யப்போவதில் எங்கள் தரப்பில் மறுப்பு இல்லை" என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். காரியத்தைச் செய்து தரப்போவது அந்த இரண்டாவது அலுவலகம்.

ஆகவே எங்கே இந்தச் சொல் வந்தாலும் இரண்டு கேள்வி போதும்: கொடுப்பவர் யார், பார்க்கப்போகிறவர் யார்? வங்கி கொடுக்கும், ஆர்டிஓ பார்க்கும். பழைய ஆர்டிஓ கொடுக்கும், புது ஆர்டிஓ பார்க்கும். கடிதம் எழுதும்போதும் "வண்டியை எடுத்துச்செல்ல அனுமதி வேண்டி" என்று எழுதாதீர்கள். "என் வாகனத்தைக் கர்நாடக மாநிலத்தில் மறுபதிவு செய்யவிருப்பதால், அதற்கான தடையின்மைச் சான்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் எந்த மேசைக்குப் போக வேண்டிய தாள் என்பது படிப்பவருக்கு உடனே புரியும்.

படி 1: உண்மையிலேயே தேவையா?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 47-ஆவது பிரிவு: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பழைய ஆர்டிஓவிடம் சான்று கேட்க வேண்டும் என்கிறது 48-ஆவது பிரிவு. வெளிமாநிலத்தாருக்கு வண்டியை விற்றாலும் இதே சான்று தேவை. ஆறு மாத வேலைக்குப் போகிறீர்களா? பேசாமல் டிஎன் எண்ணிலேயே ஓட்டுங்கள். சென்னையிலிருந்து மதுரைக்குக் குடிபோகிறீர்களா? முகவரி மாற்றம் போதும், படிவம் 33.

படி 2: வங்கிக் கணக்கை முடிப்பது

கடன் கட்டி முடித்தாலும் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கியிடமிருந்து ஒரு கடிதமும், அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் வாங்க வேண்டும். கடிதத்தில் செல்லுபடியாகும் தேதி அச்சிட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றை ஆர்டிஓவில் கொடுத்து வங்கிப் பெயரை நீக்கிவிட்டு அடுத்த படிக்குப் போவதுதான் என் கட்சி. இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்பார்கள் முகவர்கள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்போதும் வழி இருக்கிறது. வண்டியை வெளிமாநிலம் கொண்டுபோவதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று வங்கி எழுதித் தர வேண்டும். நீங்கள் விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் அவர்கள் தரவும் இல்லை, மறுப்புக்குக் காரணமும் சொல்லவில்லை என்றால் தந்ததாகவே கொள்ளப்படும் என்று 51-ஆவது பிரிவில் இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தின் நகலில் வங்கியின் வரவு முத்திரையைத் தேதியுடன் வாங்கி வையுங்கள்.

படி 3: பரிவாகன் தளத்தில் விண்ணப்பம்

பரிவாகன் என்பது மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளம். கைப்பேசி வேண்டாம், கணினியில் செய்யுங்கள். எம்பரிவாகன் செயலி ஆர்சி பார்க்க நன்றாக இருக்கும், விண்ணப்பத்துக்குத் தளம்தான் வசதி. வண்டி எண், சேசிஸ் எண்ணின் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்) கடைசி ஐந்து எழுத்து, ஓடிபி. உள்ளே போய்விடலாம்.

எனக்கு இழுத்தது அந்த ஓடிபிதான். வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர்கள் என் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணைப் போட்டுவைத்திருந்தார்கள். ஓடிபி அங்கே போய்க்கொண்டிருந்தது, இங்கே நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பலருக்கும் நடக்கிறது. தளத்திலேயே மொபைல் எண்ணை மாற்றும் சேவை இருக்கிறது. சேசிஸ் எண், எஞ்சின் எண், பதிவுத் தேதி எல்லாம் ஆர்சியில் உள்ளபடியே கேட்கும். அதை முதலில் முடியுங்கள்.

உள்ளே போனதும் எந்த மாநிலம், எந்த ஆர்டிஓ என்று கேட்கும். பெங்களூரில் ஆர்டிஓ ஒன்றல்ல. கோரமங்கலா கேஏ 01, இந்திராநகர் கேஏ 03, எலக்ட்ரானிக் சிட்டி கேஏ 51, கே.ஆர்.புரம் கேஏ 53 என்று பல. நீங்கள் வேலை செய்யும் அலுவலகம் இருக்கும் இடத்தை வைத்து எடுக்கக் கூடாது, வாடகை ஒப்பந்தத்தில் உள்ள வீட்டு முகவரி எதற்குள் வருகிறதோ அதுதான். சான்றில் அந்த ஆர்டிஓவின் பெயரே அச்சாகும், வேறு ஆர்டிஓவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிலுவையில் சலான் இருந்தால் இந்த இடத்திலேயே நின்றுவிடும். ஹெல்மெட் அபராதமானாலும் கட்டிவிட்டு வாருங்கள்.

படி 4: படிவம் 28, பென்சில் பிரதி

சான்றுக்கான விண்ணப்பமான படிவம் 28-ஐ அச்செடுத்துக் கையெழுத்திட்டு, அதில் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதியை ஒட்ட வேண்டும். படிவத்தின் பிரதிகள் ஒன்றுக்கு மேல் வேண்டும், ஒவ்வொன்றிலும் இந்தப் பென்சில் பிரதி வேண்டும். எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, ஆர்டிஓ வாசலில் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறார்கள். வீட்டிலேயே செய்யலாம்.

பைக்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் தெரியும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காயவிடுங்கள். மெல்லிய பட்டர் பேப்பரை நீளத் துண்டாக வெட்டி, இரு முனையையும் டேப்பால் ஒட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், தாள் நகர்ந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். 6பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் லேசாகத் தேய்த்தால், பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். எச்பி பென்சில் உதவாது, அழுத்தினால் தாள் கிழியும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இந்த எண்ணில் வராது. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம், நேர்கோடாகத் தெரிந்தால் ஒன்று. ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

படி 5: ஆர்டிஓவில் கொடுப்பது

ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, படிவம் 28. கூடவே, வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்பதற்குத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்திலிருந்து எடுத்த தாள். திருட்டு வழக்கு இல்லையென்று காவல் துறை அறிக்கையும், வரி பாக்கி இல்லையென்பதும் பார்த்துத்தான் சான்று தர வேண்டும் என்று சட்டத்தின் 48-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் மறுப்பு வரவில்லை என்றால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவில் உண்டு. ஆனால் அதை நம்பித் தாள் இல்லாமல் புது ஆர்டிஓவுக்குப் போகாதீர்கள்; அங்கே கேட்பது அச்சடித்த சான்றைத்தான்.

படி 6: அங்கே போன பிறகு

புதுப் பதிவெண்ணுக்கான படிவம் 27, சான்று, கர்நாடக ஆயுட்கால வரி, வண்டிப் பரிசோதனை. வரி வண்டியின் விலையையும் வயதையும் வைத்து வரும், பழைய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். புது எண் வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி பாலிசியில் எண்ணை மாற்றுங்கள். அப்புறம், தமிழ்நாட்டில் கட்டிய ஆயுட்கால வரியில் ஒரு பகுதியைப் புது ஆர்சி நகலோடு பழைய ஆர்டிஓவில் திரும்பக் கேட்கலாம். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

பின்சேர்க்கை 1: "பிஎச் எண் வாங்கினால் இதெல்லாம் வேண்டாமே?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத 'பாரத்' பதிவெண் தொடர் அது. 2021-இல் வந்த அந்தத் தொடர் எல்லோருக்கும் கிடையாது. அரசு ஊழியர்கள், பாதுகாப்புத் துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் வாங்கலாம். அடிக்கடி மாற்றலாகிறவர் என்றால் நல்லது.

பின்சேர்க்கை 2: சான்று வாங்கிய பிறகு ஒருவருக்கு வேலை மறுபடி சென்னைக்கே மாறிவிட்டதாம். வாங்கிய சான்றைப் பெட்டியில் போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டார். போதாது. சான்று கொடுத்ததும் பழைய ஆர்டிஓவின் பதிவில் அது ஏறிவிடும், அதன் பிறகு அங்கே பெயர் மாற்றம், முகவரி மாற்றம் எதுவும் நடக்காது. மூலச் சான்றைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். வண்டி தங்களிடம் பதிவாகவில்லை என்று அந்த ஊர் ஆர்டிஓ எழுதித் தரும் கடிதத்தையும் கேட்பதுண்டு. ஆகவே பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள்.